இரண்டு ராத்திரிக் கப்பல்: போகலாமா, வேண்டாமா?

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில், "அடுத்த சந்திப்பைக் கப்பலில் நடத்தலாமா?" என்ற பொருள் விவாதத்துக்கு வந்தபோது, முடிச்சூரிலிருந்து வந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கு அச்சிடப்படுகிறது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் பதினைந்து நிமிடம். கொடுக்கப்பட்ட தலைப்போ கப்பல். முடிச்சூர்க்காரனைக் கூப்பிட்டுக் கப்பலைப் பற்றிப் பேசச் சொன்ன செயற்குழுவின் குறும்பை நான் ரசிக்கிறேன். எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது எங்கள் தெருக்களுக்குள்ளேயே படகு வந்தது. அந்தப் படகில் ஏறலாமா வேண்டாமா என்று யாரும் கூட்டம் போட்டு விவாதிக்கவில்லை. ஏறினால் உயிர், அவ்வளவுதான். இன்றைக்கு நாம் பேசப் போவது அப்படிப்பட்ட படகைப் பற்றி அல்ல. ஏறாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாத ஒரு கப்பலைப் பற்றி. அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். அடுத்த ஒன்றுகூடலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் இரண்டு ராத்திரி உல்லாசக் கப்பலில் நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. பாதிப் பேர் "ஆகா" என்கிறார்கள். பாதிப் பேர் "எதுக்குப்பா இந்த ஆடம்பரம்?" என்கிறார்கள். நானும் என் மனைவியும் ஒருமுறை இப்படி இரண்டு ராத்திரி போய் வந்தவர்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்குப் பார்த்தே பழகியவன் நான். ஆகவே கணக்காகவே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். நம் தாத்தா காலத்தில் கப்பல் என்றால் ரஜூலா. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, ஊரையும் உறவையும் விட்டுவிட்டுப் பிழைக்கப் போனவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985-இல் அதில் தீ விபத்து நடந்தது. அதோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. அந்தப் பயணங்களில் "இது தேவையா?" என்ற கேள்வியே இல்லை. போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்தது. கப்பல் அதற்கு வழி.

இப்போது நிலைமை தலைகீழ். 2022 ஜூன் 4-ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்துத் தொடங்கி வைத்தாரே, கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல், அதில் இரண்டு விதமான பயணம் அறிவித்தார்கள். ஒன்று விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றி வருவது. இன்னொன்று சென்னையில் கிளம்பி, நடுக்கடலில் திரிந்துவிட்டு, சென்னைக்கே திரும்புவது. போகும் ஊர் எது என்று கேட்டால் எதுவும் இல்லை. கப்பல்தான் ஊர்!

சிரிக்க வேண்டாம், இது உலகம் முழுவதும் நடக்கிற வியாபாரம். கோவிட் காலத்தில், 2020 நவம்பரில், சிங்கப்பூரில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத கப்பல் பயணங்களைத் தொடங்கினார்கள். பயணிகளைப் பாதியாகக் குறைத்து ஏற்றினார்கள். அதற்கும் ஆள் வந்தது. நம் எம்ப்ரஸ் கப்பலின் ஜாதகத்தைப் பார்த்தாலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டு, நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு ஓடிய கப்பல் அது. மூன்று ராத்திரி, நான்கு ராத்திரிப் பயணங்களுக்கென்றே திட்டமிட்டுக் கட்டினார்கள். ஆக, குறுகிய பயணம் என்பது பெரிய பயணத்தை வெட்டிக் குறைத்த மிச்சம் அல்ல. அதுவே தனிச் சரக்கு. நமக்கு அந்தச் சரக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இனிக் கணக்குக்கு வருகிறேன். இரண்டு ராத்திரி, மூன்று நாள் என்று விளம்பரம் செய்வார்கள். நாள் கணக்கை நம்பாதீர்கள், மணிக் கணக்குப் போடுங்கள். மாலை 6 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது, மூன்றாம் நாள் காலை 8 மணிக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 38 மணி நேரம். இரண்டு ராத்திரித் தூக்கம் 14 மணி போக மிச்சம் 24. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட ஆறு மணி. கடைசிக் காலையில் பெட்டி கட்டி, வரிசையில் நின்று, இறங்குகிற பரபரப்பு இரண்டு மணி. ஆக, உங்கள் கையில் நிற்பது 16 மணி நேரம். கப்பல் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்லுவார்கள். முடிச்சூரிலிருந்து நான் மதியச் சாப்பாட்டை முடிக்காமலே கிளம்பினேன். தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்துக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் ராஜாஜி சாலைக்கு அந்தப் பக்கம் துறைமுகம். 30 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அரை நாள் போய்விடுகிறது.

கப்பலில் ஏறியதும் ஆபத்துக் கால ஒத்திகை உண்டு. உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, சங்கு ஊதினால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். "இதெல்லாம் யாருக்கு சார்" என்று அறையிலேயே படுத்துக்கொள்ளாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். சில மணி நேரம் முன்னால்தான் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்த ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று உலக விதியைக் கடுமையாக்கினார்கள். பயணம் இரண்டு ராத்திரிதான் என்றாலும் கடல் அதே கடல்தான்.

அடுத்தது பணம். இதில் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, சொல்லும் தொகை ஆளுக்கா, அறைக்கா? பொதுவாக ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துத்தான் ஆளுக்கு இவ்வளவு என்பார்கள். தனியாகப் போகிறவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நம்மில் துணையை இழந்தவர்கள் இருக்கிறார்கள், இதை மறக்கக் கூடாது. இரண்டு, வரியும் துறைமுகக் கட்டணமும் பணியாளர் சன்மானமும் சேர்த்தா, சேர்க்காமலா? உதாரணம் சொல்கிறேன். 2023-இல் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலுக்கு அறிவித்த கட்டணம் 6,500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததும் 7,670 ஆனது. மூன்று, எது இலவசம், எது காசு? சாப்பாடும் மேடை நிகழ்ச்சியும் பெரும்பாலும் கட்டணத்தில் அடங்கும். மது, இன்டர்நெட், மசாஜ், படம் பிடித்துத் தருவது இவையெல்லாம் தனி.

அறையிலும் தரம் உண்டு. ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் வைத்த அறை, பால்கனி அறை. தூங்குவதற்கு மட்டும்தான் அறைக்குப் போவேன் என்கிறவருக்கு உள்ளறை போதும். முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, இருந்த இடத்திலிருந்தே கடலைப் பார்க்க வேண்டும் என்கிறவருக்குப் பால்கனிக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. தலைசுற்றல், வாந்தி பயம் இருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. மாத்திரை போட வேண்டுமானால் ஏறுவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் புயல் அதிகம் வருவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மாதங்களில் திட்டம் போடாமல் இருப்பது உத்தமம்.

இன்னொன்று. வழியில் ஓர் ஊரில் நிற்கும் என்பதற்காக மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். 2022 ஜூனில் எம்ப்ரஸ் கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது, அதில் சூதாட்டக் கூடம் இருப்பதாக எதிர்ப்புக் கிளம்பியது. புதுச்சேரி அனுமதி தரவில்லை. பயணிகள் இறங்காமலே கப்பல் திரும்பிப் போயிற்று. மூன்று வருடம் கழித்து, 2025 ஜூலையில்தான் அங்கே பயணிகள் இறங்கினார்கள். கப்பல் கடலிலேயே நிற்க, சிறு படகுகளில் கரைக்கு வந்தார்கள். ஊரைப் பார்க்க வேண்டுமானால் தாம்பரத்தில் பஸ் ஏறினால் புதுச்சேரி மூன்று நான்கு மணி நேரம். அதற்கு எதற்குக் கப்பல்?

சரி, இத்தனை பிடித்தம் போக மிச்சம் என்ன? மிச்சம் இருக்கிறது. அதுதான் அசல் சரக்கு. கரை இல்லாத கடல்.

மெரினாவில் நின்று கடல் பார்ப்பது வேறு. அங்கே நமக்குத் தெரிவது பாதிக் கடல்தான், முதுகுப் பக்கம் ஊர் இருக்கிறது. கண் மட்டம் கடலுக்கு 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் சுமார் 18 கிலோமீட்டரில் நிற்கும். மணிக்கு 15 கடல் மைல், அதாவது 28 கிலோமீட்டர் வேகத்தில் கப்பல் போனால், முக்கால் மணிக்குள் மணல் கரை மறைந்துவிடும். உயரமான கட்டிடங்களும் ஊரின் வெளிச்சமும் இன்னும் கொஞ்ச நேரம் தொடர்ந்து வந்து, அப்புறம் அதுவும் போய்விடும். செல்போன் சிக்னல் போவதும் ஏறக்குறைய அதே சமயம்தான். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் மேல்தளத்துக்குப் போனேன். நான்கு பக்கமும் தண்ணீர். எந்தத் திசையில் சென்னை என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றாள். நாற்பது வருடமாக வீட்டில் முதலில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தவள் அவள். "காபி யாரோ போடறாங்க, நான் சும்மா நிக்கிறேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த பணம் சரியாகப் போயிற்று.

ஆகவே என் தீர்ப்பின் முதல் பாதி இது. வாழ்நாளில் ஒரு தடவை கரை தெரியாத கடலில் விடிவதைப் பார்க்க வேண்டும் என்பவருக்கு இரண்டு ராத்திரி தாராளம். ஒரு விடியல் போதும், ஐந்து விடியல் வேண்டியதில்லை. அதிகம் நடக்க முடியாத அம்மா அப்பாவுக்கும் இது நல்லது. ஒரே பெட்டி, ஒரே அறை, லிப்ட் உண்டு, தினம் ஓட்டல் மாற்றும் தொல்லை இல்லை. ஊர் சுற்றிப் பார்க்க நினைப்பவர், கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாதவர், கடன் வாங்கிப் போக வேண்டியவர், இந்த மூவரும் விட்டுவிடலாம். நஷ்டம் இல்லை.

மாணவச் செல்வங்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வயதில் கடலைப் பார்க்க இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் போகிறது. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், சுமார் 60 மணி நேரம். படுக்கை வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பும் தீவுக்காரர்களோடு பேசிக்கொண்டு போகலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ஆம் தேதி கப்பல் தொடங்கினார்கள். சில நாளிலேயே மழைக்காலத்தால் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாண மண்ணில் கால் வைக்கலாம். பாஸ்போர்ட் வேண்டும், அன்றைக்குக் கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். இவற்றில் எல்லாம் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. உங்கள் வயதுக்கு அதுதான் அழகு. அதுவும் முடியாதென்றால் முட்டுக்காடு படகுத்துறை இருக்கவே இருக்கிறது, கேளம்பாக்கம் வழியாகப் போனால் பக்கம்.

இனி முக்கியமான பாதி. நம் ஒன்றுகூடலைக் கப்பலில் நடத்தலாமா?

நடத்தலாம் என்பவர்கள் சொல்லும் காரணத்தை நான் மதிக்கிறேன். போன சந்திப்பில் என்ன நடந்தது? பதினோரு மணிக்கு வந்தார்கள், வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. ஒரு மணிக்குப் பாயசம். இரண்டு மணிக்குப் பாதி நாற்காலி காலி. ஒருவருக்கு ரயில், ஒருவருக்குப் பேரன் பிறந்தநாள். முப்பது வருடம் கழித்துப் பார்த்த சிநேகிதனிடம் "எப்படிடா இருக்கே?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் மைக்கில் நன்றியுரை. கப்பலில் இது நடக்காது. யாரும் நடுவில் எழுந்து போக முடியாது. போன் அடிக்காது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பேசலாம்.

நண்பர்களே, இதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நம்மவர்களுக்கு வேண்டியது கப்பல் அல்ல. இரண்டு ராத்திரி, ஒரே கூரை, யாரும் பாதியில் கிளம்பாத ஏற்பாடு. அதற்குக் கடலுக்குள் போய்த்தான் ஆக வேண்டுமா?

இன்னொரு கணக்கும் பாருங்கள். என் வகுப்புத் தோழன் ஒருவன் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்கிறான். இந்த மண்டபத்துக்கு ஆட்டோவில் வருகிறான், அதோ உட்கார்ந்திருக்கிறான். கப்பலுக்கு அவனால் வர முடியாது. பென்ஷன் இல்லாமல் கடை வைத்துப் பிழைக்கிறவர் இருக்கிறார். கட்டணத்தைக் கேட்டால் "அன்னிக்கு ஒரு கல்யாணம்" என்று பொய் சொல்லுவார். உண்மையைச் சொல்ல மாட்டார். சங்கமே அவருக்குப் பணம் கட்டலாமே என்றால், அதை வாங்கிக்கொள்கிற ஆள் அவர் இல்லை. வசதி உள்ளவர்கள் மட்டும் கூடிவிட்டு அதற்கு ஒன்றுகூடல் என்று பெயர் வைத்தால், சுற்றறிக்கையில் மட்டும்தான் அது ஒன்றுகூடல். சங்கக் கணக்கில் இருக்கும் பணம் மாணவர்களின் தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் சேர்த்தது. அதிலிருந்து ஒரு பைசாகூடக் கப்பலுக்குப் போகக் கூடாது என்பதில் யாருக்கும் மாறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.

எனவே செயற்குழுவின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, அடுத்த ஒன்றுகூடல் இங்கேயே, கோடை விடுமுறையில் விடுதி காலியாக இருக்கும்போது, கல்லூரியின் அனுமதி பெற்று இரண்டு ராத்திரி நடக்கட்டும். முதல் நாள் மாலை வந்து, மூன்றாம் நாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். செல்போனை வாசலில் கொடுத்துவிடலாம். வீட்டு அவசரத்துக்கு ஒரே ஒரு பொது நம்பர் போதும். மேடைப் பேச்சு அரை மணிக்கு மேல் கூடாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! இரண்டாவது, கப்பலில் போக ஆசைப்படுகிறவர்கள் தனியாக ஒரு குழுவாகச் சேர்ந்து, அவரவர் செலவில், பருவம் பார்த்துப் போய் வாருங்கள். நான் விசாரித்துச் சொல்கிறேன், வழியனுப்பக் கடற்கரை ஸ்டேஷன் வரை வருகிறேன். மூன்றாவது, அப்படிப் போகிறவர்கள் துணையில்லாமல் தனியாக இருக்கும் நம் தோழியரையும் தோழர்களையும் கேட்டுப் பாருங்கள். ஓர் அறைக்கு இருவர் சேர்ந்தால் செலவும் குறையும். கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல்தான் பலர் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

என் யோசனை தோற்றாலும் வருத்தம் இல்லை. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டெடுப்பில் கை தூக்குவதற்கு முன்னால் உங்கள் வகுப்பில் வர முடியாமல் போகிறவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தூக்குங்கள். அவ்வளவே என் வேண்டுகோள்.